பனிவெடிப்புக்கு எது: வாசலினா, லிக்விட் பாராஃபினா, தேங்காய் எண்ணெயா, கிளிசரினா?

கார்த்திகை தீபம் முடிந்ததில் இருந்து மாசி வரை, பாலக்கோட்டில் என் மருந்துக் கடைக்கு வருபவர்களில் பலர் முதலில் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தது போல வெளுத்திருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் மோசம். அங்கே மேடு அதிகம், குளிர் அதிகம், காற்றில் ஈரம் குறைவு.

போன தை கடைசியில் புளி தட்டும் வேலைக்குப் போகிற ஓர் அக்கா வந்தார். வலது கட்டைவிரலில் நகத்தை ஒட்டி, ஓர் அரிசி நீளத்துக்குப் பிளவு. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. விரல் இடுக்குகளில் புளியின் பழுப்புக் கறை கழுவியும் போகாமல் இருந்தது. “புளியைத் தொட்டா உசிரே போவுது தம்பி. வாசலின் தடவறதா, தேங்காண்ணெயே போதுமா? பக்கத்து வீட்டுப் புள்ள கிளிசரின் வாங்கச் சொல்றா” என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தோல் ஏன் வெடிக்கிறது?

நம் தோலின் மேல் அடுக்கு, உயிரற்ற செல்கள் செங்கல் போல அடுக்கிய ஒரு சுவர். செங்கல்லுக்கு நடுவில் காரை பூசியது போலக் கொழுப்பு நிற்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவைதான் அந்தக் காரை. குதிகால், உள்ளங்கை தவிர மற்ற இடங்களில் இந்தச் சுவரின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். உடம்புக்குள் இருக்கும் நீர் இதன் வழியாக ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். சுவரில் நீர் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளையாது, விறைத்துக்கொள்ளும். விறைத்ததை மடக்கினால் பிளக்கும்.

சோப்பு இந்தக் காரையை அரிக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. நுரை வரட்டும் என்று இன்னும் ரெண்டு தேய் தேய்ப்போம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கழுவினாலும் போகாத ஒரு படிவாகத் தோலில் தங்கிவிடும். குளித்து அரை மணி நேரத்தில் தோல் இழுத்துப் பிடிப்பது அதனால்தான்.

எதை வைத்து ஒப்பிடுவது?

விலையை மட்டும் பார்த்து வாங்கினால் தப்பாகப் போகும். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். ஒன்று, நீர் வெளியே போவதை எவ்வளவு தடுக்கிறது. இரண்டு, தானாக நீரை இழுத்துக் கொடுக்குமா. மூன்று, எரிச்சல், பரு, தேமல் போன்ற தொல்லை வருமா. நான்கு, பூசிக்கொண்டு நம் வேலையைச் செய்ய முடியுமா. ஐந்து, டப்பாவின் மேல் எழுதாத செலவு என்ன. நான்காவதை யாரும் கேட்பதே இல்லை. ஆனால் நம் ஊரில் முக்கால்வாசித் தோல் வறட்சி, வேலையில் இருந்து வருவதுதான்.

பெட்ரோலியம் ஜெல்லி

வாசலின் என்று நாம் எல்லா டப்பாவையும் சொல்கிறோம். அது ஒரு பிராண்டின் பெயர். பொருளின் பெயர் பெட்ரோலியம் ஜெல்லி. மருந்து லேபிளில் ‘ஒயிட் சாஃப்ட் பாராஃபின்’ என்று இருக்கும். 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போன ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர், பம்புத் தண்டுகளில் படியும் மெழுகை அங்குள்ள தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவுவதைக் கவனித்தார். அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார்.

நீர் ஆவியாவதைத் தடுப்பதில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. தோல் வழியாகப் போகும் நீரை இது ஏறத்தாழ 98 சதவீதம் வரை நிறுத்தும் என்றும், மற்ற எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதம்தான் நிறுத்தும் என்றும் தோல் மருத்துவ நூல்களில் சொல்வார்கள். மேலே பாலித்தீன் போட்டது போல மூடிவிடுவதோடு இதன் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜெல்லி அந்தச் செங்கல் சுவரின் இடுக்குகளுக்குள் இறங்கி நிற்பதையும், அது இருக்கும்போதே தோல் தன் காரையை மறுபடி கட்டிக்கொள்வதையும் காட்டினார்கள். ஓட்டை விழுந்த கூரைக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு உள்ளே ஓடு மாற்றுவது போல.

ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது நீரைத் தராது. இருக்கிற நீரைக் காக்கும், அவ்வளவுதான். காய்ந்து கிடக்கும் குதிகாலில் காய்ந்தபடியே அப்பினால் பலன் மிக மெதுவாகத்தான் வரும். ஒரு மார்கழியில் என் கால்களிலேயே பார்த்தேன். வலது குதிகாலை ராத்திரி 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே ஜெல்லி பூசிப் பழைய சாக்ஸ் மாட்டினேன். இடது காலில் நனைக்காமல் அதே ஜெல்லி, அதே சாக்ஸ். ஒரு வாரத்தில் வலது காலின் விளிம்பு விரலுக்கு மெத்தென்று இருந்தது. இடது காலில் மேலே வழவழப்பு, அழுத்தினால் உள்ளே பழைய கெட்டி.

தொல்லைகள்: பிசுபிசுக்கும். புழுதியில் வேலை செய்தால் மண் ஒட்டும். வியர்க்கும் இடத்தில் அப்பினால் வியர்க்குரு வரும், மயிர்க்கால் வீங்கும். பூசிய கையோடு அரிவாள், மண்வெட்டி பிடித்தால் வழுக்கும். துணியில் கறை படியும். ரப்பர் கையுறை போட்டு வேலை செய்கிறவர்கள் இதைப் பூசிக்கொண்டு கையுறை மாட்டக் கூடாது. லேடெக்ஸ் ரப்பர் இதில் நைந்துவிடும்.

லிக்விட் பாராஃபின், அதாவது மினரல் ஆயில்

பெயரில் மினரல் இருப்பதால் தோலுக்கு ஏதோ தாதுச்சத்து சேரும் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. சத்து எதுவும் இல்லை. பூமிக்குள் இருந்து வருவதால்தான் அந்தப் பெயர். ஜெல்லியும் இதுவும் ஒரே குடும்பம். இதில் மூலக்கூறுகள் கொஞ்சம் சின்னவை, அதனால் எண்ணெயாக ஓடுகிறது. பேபி ஆயில் பெரும்பாலும் இதோடு வாசனை சேர்த்ததுதான். ‘பிசுபிசுக்காத’ தலை எண்ணெய்கள் பலவற்றின் பின்பக்கம் பாருங்கள், லைட் லிக்விட் பாராஃபின் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

நீரைத் தடுப்பதில் ஜெல்லியைவிடக் குறைவு. ஆனால் கை, கால், முதுகு என்று பரந்த இடத்தில் இழுத்துத் தடவ இதுதான் சுலபம். ஊசிப்போகாது, மணம் இல்லை, ஒவ்வாமை அபூர்வம். தேமல் அடிக்கடி வருகிறவர்களுக்கு இது தேங்காய் எண்ணெயைவிட நல்லது என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. மினரல் ஆயிலில் அது தின்ன ஒன்றுமே இல்லை.

புற்றுநோய் வருமா என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான், பதிலும் தெளிவாகவே இருக்கிறது. சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்தவை அந்தப் பிரிவில் இல்லை. அதனால் லேபிளில் ‘ஐ.பி.’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய மருந்துத் தர நூலின்படி செய்தது என்று அர்த்தம். பட்டறையில் இருக்கும் கிரீஸையோ மெஷின் ஆயிலையோ வெடிப்பில் தடவாதீர்கள்.

பட்டறைக்காரர்களுக்கு இன்னொன்று. கைக் கறை போக மண்ணெண்ணெயிலும் டீசலிலும் கழுவுகிறீர்கள். “அதுவும் பெட்ரோலியம், இதுவும் பெட்ரோலியம்தானே” என்று ஒரு மெக்கானிக் அண்ணன் என்னிடம் கேட்டார். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் குட்டையானவை. தோலின் காரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். ஜெல்லியின் மூலக்கூறுகள் நீளமானவை, வந்த இடத்தில் உட்கார்ந்து காக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், குணம் நேர் எதிர். கறையை முதலில் ஏதாவது சமையல் எண்ணெயால் தேய்த்து எடுத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து குழந்தைகளுக்குத்தான். நம் பக்கம் கைக்குழந்தைக்கு எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் ஒரு சொட்டு விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எந்த எண்ணெயாக இருந்தாலும் அது தப்பு. மினரல் ஆயில் இன்னும் தப்பு. இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கி, ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். பாட்டி சொன்னாலும் மூக்கில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்

இதைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வராது. 2004-ல் பிலிப்பைன்ஸில் 34 பேரின் வறண்ட கால்களில் இரண்டு வாரம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை தடவிப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெய், மறு பாதிக்கு மினரல் ஆயில். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைகளிடம் 2014-ல் செய்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலை செய்தது. இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய லாரிக் அமிலம். சில கிருமிகளை அது அடக்கும்.

ஆக, மிதமான வறட்சிக்கு வீட்டில் செக்கு எண்ணெய் இருந்தால் வேறு வாங்க வேண்டாம். ஆழமான பிளவுக்குப் போதாது. முகத்தில் பரு உள்ள பிள்ளைகளுக்குத் துளைகளை அடைக்கும். தேமல் விஷயம் மேலே சொன்னேன். விலை ஏறியதில் இருந்து கலப்படமும் கூடியிருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் ஓசூர்க் குளிரில் பாட்டில் கல்லாகிவிடும், காலையில் அவசரத்தில் யாரும் உருக்கிக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்து அருவியில் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த சுகம். வறட்சிக்கு அந்த வரிசை பாதிதான் உதவும். குளிப்பதற்கு முன் தடவினால் சோப்பின் அரிப்பு கொஞ்சம் குறையும். உள்ளே ஏறிய நீரைப் பிடித்துவைக்க, குளித்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஒரு கோட்டு தடவ வேண்டும்.

கிளிசரின்

இது வேறு இனம். மூடாது, நீரை இழுக்கும். பிரச்சினையும் அங்கேதான். காற்றில் ஈரம் இருந்தால் கொஞ்சம் அங்கிருந்து இழுக்கும். தை மாதத்து வறண்ட காற்றில் இழுக்க என்ன இருக்கிறது? தோலின் அடியில் இருந்து இழுத்து மேலே கொண்டுவந்து காற்றுக்குக் கொடுத்துவிடும். பாட்டிலில் இருந்து அப்படியே உதட்டில் தடவியவர்கள் “முதல்ல நல்லாருந்துச்சு, அப்புறம் இன்னும் காயுது” என்று சொல்வது இதனால்தான். ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் அல்லது பன்னீர் கலந்து தடவி, மேலே மெல்லிசாக ஜெல்லி. அப்படியானால் அருமையான ஜோடி. கிளிசரின் இழுக்கும், ஜெல்லி பூட்டும். முகப்பரு உள்ளவர்களுக்குக் கிளிசரின் சேர்ந்த லேசான லோஷன் போதும்.

யூரியா கிரீம்

கேள்வியில் இது இல்லை, ஆனாலும் கெட்டியான பித்தவெடிப்புக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. 10 சதவீதம் என்றால் நீரை இழுக்கும். 20-க்கு மேல் போனால் கெட்டித்தோலைத் தளர்த்தி உரிக்கும். திறந்த பிளவில் எரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் 20-க்கு மேல் தொடக் கூடாது. விவசாயிகள் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: உரக் கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்துக் காலை நனைக்காதீர்கள். அது பயிருக்குச் செய்தது, வேப்பெண்ணெய் பூசியது, மருந்துத் தரம் கிடையாது.

ஒரு பார்வையில்

| | பெட்ரோலியம் ஜெல்லி | லிக்விட் பாராஃபின் | தேங்காய் எண்ணெய் | கிளிசரின் |
|---|---|---|---|---|
| நீர் போவதைத் தடுப்பது | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | இல்லை |
| நீரை இழுப்பது | இல்லை | இல்லை | இல்லை | நன்றாக |
| எரிச்சல், ஒவ்வாமை | மிக அபூர்வம் | மிக அபூர்வம் | குறைவு. பரு, தேமல் உண்டு | நீர்க்காவிட்டால் காயும் |
| வேலையோடு ஒத்துவருமா | ராத்திரிக்குத்தான் | பரவாயில்லை | பரவாயில்லை | பகலிலும் சரி |
| எழுதாத செலவு | கறை, வழுக்கல், தீ | தீ. குழந்தை மூக்கு | விலை, கலப்படம் | தனியாகப் போதாது |

தீ என்று எழுதியதை விளக்க வேண்டும். ஜெல்லியும் பாராஃபினும் தோலின் மேல் தாமாகப் பற்றிக்கொள்வதில்லை. ஆனால் நாள்கணக்கில் ஊறிய புடவை முந்தானை, போர்வை, சாக்ஸ் எல்லாம் திரி மாதிரி ஆகிவிடும். சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றும், அணைப்பது கஷ்டம். பாராஃபின் இல்லாத களிம்புகள் ஊறினாலும் இதே ஆபத்துதான் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. விறகடுப்பில் சமைக்கிறவர்கள், பீடி குடிக்கிற பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். துவைத்தாலும் முழுதாகப் போகாது. களிம்புக்கென்று ஒரு பழைய துணி, ஒரு பழைய சாக்ஸ் ஒதுக்கி வைத்து, அதோடு அடுப்பங்கரைக்குப் போகாமல் இருப்பதுதான் வழி.

யாருக்கு எது?

புளி தட்டுகிறவர்கள், தக்காளி பறிக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள்: ராத்திரி கையை ஐந்து நிமிடம் நனைத்து ஜெல்லி. பகலில் வேண்டாம், வழுக்கும், சரக்கிலும் ஒட்டும். பிளவின் மேல் மட்டும் பிளாஸ்திரி. அந்த அக்காவுக்கு நான் கொடுத்தது 50 கிராம் ஜெல்லி டப்பாவும் ஒரு சுருள் பிளாஸ்திரியும்தான். வேலை முடிந்ததும் புளி அமிலத்தை வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னேன், சோப்பு ஒரு தடவை போதும் என்றேன். பத்து நாள் கழித்து மகளுக்கு மாத்திரை வாங்க வந்தபோது தானாகவே கட்டைவிரலைக் காட்டினார். பிளவு மூடி, மெல்லிய ரோஸ் கோடாக இருந்தது.

பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் கதை தனி. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கை கழுவிக் கழுவித் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். ஆனால் புழுவுக்கு வாசனையும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. வாசனை இல்லாத ஜெல்லியைக் கடைசித் தழை போட்ட பிறகு பூசுங்கள். காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் புழு வளர்க்கும் மனைக்குள் போங்கள். வாசனை லோஷன் பக்கமே வேண்டாம்.

வயதானவர்களின் கால் அரிப்புக்கு, குளித்த ஈரத்தில் லிக்விட் பாராஃபின் அல்லது தேங்காய் எண்ணெய், எது கையில் இருக்கிறதோ அது. தரையில் சொட்டினால் வழுக்கும், உட்கார்ந்து தடவச் சொல்லுங்கள். உதட்டுக்கு ஜெல்லி. கைக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய், மூக்குக்கும் காதுக்கும் தள்ளி.

பிளவில் சீழ், வீக்கம், ரத்தம் இருந்தாலும், சர்க்கரை நோயாளியின் காலில் எந்த வெடிப்பு இருந்தாலும், இரண்டு வாரம் பூசியும் குறையாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். சொரியாசிஸும் பூஞ்சையும் பித்தவெடிப்பு மாதிரியே தெரியும், அதற்கு மருந்து வேறு.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் ஜெல்லியை நிறுத்திவிடலாம், குதிகாலுக்கு மட்டும் தொடரலாம். மீதி இருக்கும் டப்பாவைத் தூக்கிப்போட வேண்டாம். காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டு, ஈர விரலை உள்ளே விடாமல் மூடி வைத்தால் அடுத்த கார்த்திகைக்கு அப்படியே இருக்கும்.